அந்தச் சுடுதண்ணீர் ஊருக்குப் பொதுவாகவே இருக்கட்டும்

மும்பைக்குப் பக்கத்தில், தான்சா ஆற்றோரம் இருக்கும் வஜ்ரேஷ்வரி, அக்லோலி, கணேஷ்புரி வெந்நீர்க் குண்டங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், அந்தப் பக்கம் விடுதி கட்ட இடம் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். அம்மாவுக்கு இப்போது 76 வயது. முட்டிவலி 40 வயதிலேயே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மராத்திக்கார மாவ்ஷிதான் (மராத்தியில் சித்தி) முதன்முதலில் எங்களை அக்லோலிக்குக் கூட்டிப்போனார். தாதரில் விரார் லோக்கலைப் பிடித்து வசாய் ரோட்டில் இறங்கி, சிவப்பு எஸ்டி பஸ்ஸில் ஏறினால் வழியெல்லாம் வயலும் தேக்கும் செங்கல் சூளையுமாக வரும். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்விடுவோம். வசதியில்லாத வருடங்களிலும் போயிருக்கிறோம், ஏனென்றால் அங்கே குளிக்க யாரும் காசு கேட்டதில்லை.

அம்மா குண்டத்தில் இறங்குவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேல்படியில் உட்கார்ந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் தண்ணீரில் வைத்து உடனே எடுப்பார். 'ஆத்தீ' என்பார். மறுபடி வைப்பார். பக்கத்தில் குளிக்கும் பெண்கள் 'ஹளூ ஹளூ, மாவ்ஷி' என்று தைரியம் சொல்வார்கள். மெதுவாக, மெதுவாக. முதல் படியிலிருந்து இரண்டாவது படிக்கு இறங்கக் கால்மணி நேரம் ஆகும். அதற்குக் கீழே அவர் போனதே இல்லை. இரண்டாவது படியில் முழங்கால் முங்க உட்கார்ந்ததும் முகம் அப்படியே தளர்ந்துபோகும். வீட்டில் எத்தனை தைலம் தேய்த்தாலும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. வெளியே வரும்போது கால் சிவந்திருக்கும், வெள்ளி மெட்டி கறுத்திருக்கும். தண்ணீரில் இருக்கும் கந்தகம் செய்கிற வேலை அது என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து திருநீறு போட்டுத் தேய்த்தால் மெட்டி மறுபடி பளபளக்கும்.

போன வைகாசியில் போனபோதுதான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது. குண்டத்தின் மூலையில் ஷாம்பு பாக்கெட்டுகளும் ஒரு கிழிந்த துண்டும் மிதந்தன. அம்மா உடை மாற்றுவதற்கு நான் ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அதுகூடப் பழகிப்போனதுதான். புதிதாக இருந்தது வேறொன்று. கொஞ்ச தூரத்தில் ஒரு விடுதி, அறைக்குள்ளேயே சுனைநீர்த் தொட்டி என்று விளம்பரம் வைத்திருந்தார்கள். ஆழ்குழாய் போட்டு இழுக்கிறார்களாம். களாப்பழம் விற்கிற பாய் (மராத்தியில் பெண்களை மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள்) அம்மாவிடம், இப்போதெல்லாம் தண்ணீர் முன்பு மாதிரி சுடுவதில்லை என்றார். அவர் சொன்னது சரியா என்று அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் அம்மா அன்றைக்குக் கால்மணி நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டென்று இறங்கிவிட்டார்.

அந்தச் 'சட்டென்று' என்னைத் தூங்கவிடவில்லை.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து சுடுகிறது என்பதைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. வஜ்ரேஷ்வரி அம்மன் கொன்ற அசுரர்களின் ரத்தம்தான் இன்னும் சூடாக ஓடுகிறது என்று ஊரில் சொல்வார்கள். படித்தவர்கள் பலர் எரிமலை என்பார்கள். பாறை எரிமலைக் குழம்பு உறைந்து ஆனதுதான், ஆனால் அது 6 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய சங்கதி, அந்தச் சூடு என்றோ ஆறிப்போய்விட்டது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே ரொம்ப ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் போகப்போகப் பூமியே சூடு. அங்கே சூடேறி, வழியில் உப்பையும் தாதுக்களையும் கரைத்துக்கொண்டு, வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. தான்சா ஆற்றோரத்தில் மட்டும் இல்லை, கொங்கண் நெடுக ராஜாபூர் வரைக்கும் இந்தச் சுனைகள் வரிசையாக இருக்கின்றன. பாலி பக்கத்தில் உன்ஹேரே, தாபோலிப் பக்கம் உன்ஹவ்ரே, ராஜாபூரில் உன்ஹாளே. மூன்று பெயரிலும், அந்த 'உன்ஹ' என்ற தொடக்கத்தில், சூடு ஒளிந்திருக்கிறது. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இது மேகம் கொட்டுகிற அருவி இல்லை. பூமிக்குள் மெல்ல நடந்து, மெல்ல மேலேறி வருகிற தண்ணீர். அதே வெடிப்பில் மேலும் நான்கு இடத்தில் துளை போட்டால், பொதுக் குண்டத்துக்கு வர வேண்டியதுதான் அங்கே போகும்.

இந்த இடத்தின் வரலாற்றைக் கோயில் வாசலில் கேட்டால் சிமாஜி அப்பாவிலிருந்து தொடங்குவார்கள். மராத்திய அரசின் முதலமைச்சரான பேஷ்வாவின் தம்பி. வசாய்க் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடிக்க வந்தவர், ஜெயித்தால் கோயில் கட்டுகிறேன் என்று இந்த அம்மனிடம் நேர்ந்துகொண்டார். 1739இல் கோட்டை விழுந்தது, நேர்த்திக்கடனாகக் கோயில் எழுந்தது. அதனால்தான் 52 படி ஏறிப் போனால் கோயிலே கோட்டை மாதிரி மதிலோடு நிற்கிறது. வடவலி என்றிருந்த ஊர் அம்மன் பெயரை வாங்கிக்கொண்டது. ஆங்கிலேயர் 1882இல் வெளியிட்ட தாணே மாவட்ட கெஸட்டியரிலும் வஜ்ராபாய் என்ற பெயரில் இந்த வெந்நீர்ச் சுனைகளுக்கு இடம் உண்டு. அப்புறம் 1930களில் நித்யானந்தர் என்ற அந்தக் காலத்துத் துறவி வந்தார். கேரளம், கர்நாடகம் எல்லாம் சுற்றிவிட்டுக் கணேஷ்புரியில் பீமேஷ்வர் கோயில் பக்கத்தில் தங்கினார். அப்போது அது காடு. அவரைத் தேடி மும்பை மாட்டுங்காவிலிருந்து தென்னிந்தியக் குடும்பங்கள் போக ஆரம்பித்தன. 1961 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவர் சமாதியான பிறகும் கூட்டம் குறையவில்லை. சத்திரம், சாப்பாட்டுக் கடை, தங்கும் அறை எல்லாம் அப்படித்தான் வளர்ந்தன.

சரி. சிமாஜி அப்பாவுக்கு முன்னால்? நித்யானந்தர் வரும்போது அந்தக் காட்டில் யார் இருந்தார்கள்?

வார்லி, காத்கரி ஆதிவாசிகள் இருந்தார்கள். மலையிலிருந்து இறங்கி வந்து அந்தத் தண்ணீரில் குளித்தவர்கள் அவர்கள். காத்கரி என்ற பெயரே, நாம் வெற்றிலையோடு போடுகிறோமே காசுக்கட்டி, அதைக் காய்ச்சும் தொழிலிலிருந்து வந்தது. காட்டுச் சட்டம் வந்து மரத்தில் கைவைக்கக் கூடாது என்றானதும் அந்தத் தொழில் போய்விட்டது. அதற்குப் பிறகு அடுத்தவர் நிலத்திலும் செங்கல் சூளையிலும்தான் பிழைப்பு. முன்பணம் வாங்கினால் குடும்பமே சூளைக்குப் போக வேண்டும். வஜ்ரேஷ்வரிக்குப் பக்கத்திலேயே உஸ்காவ் என்று ஓர் ஊர். 1980களிலிருந்து இந்தப் பக்கத்துக் கொத்தடிமைகளை மீட்கும் போராட்டத்தை நடத்திய ஷ்ரம்ஜீவி சங்கடனா என்ற அமைப்பு அங்கிருந்துதான் வேலை செய்தது. நாங்கள் முழங்கால் வலிக்காகச் சிவப்பு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த அதே வருடங்களில், ஜன்னலுக்கு வெளியே நான் பார்த்த அந்தச் சூளைகளில், அடுத்தவருக்கு அடிமையாகச் சிலர் செங்கல் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இது எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். குண்டத்தருகே வைத்திருக்கிற எந்தப் பலகையிலும் இது இல்லை.

இன்னொன்றும் பலகையில் இல்லை. தான்சா என்றால் எங்கள் தாராவியில் யாரும் ஆறு என்று நினைக்க மாட்டார்கள். எங்களுக்குத் தான்சா ஒரு குழாய். முலுண்டிலிருந்து இந்தப் பக்கம் வரை வருகிற, ஆள் உயரத்துக்கு இருக்கும் இரும்புக் குழாய். சின்ன வயதில் அதன்மேல் ஏறி நடந்திருக்கிறோம், கசிகிற இடத்தில் குடம் வைத்திருக்கிறோம். நகரத்துக்குத் தண்ணீர் தரும் 7 ஏரிகளில் தான்சாவும் ஒன்று. அந்த அணை 1892இல் கட்டி முடிந்தது. அக்லோலிக்கு மேலே, இதே ஆற்றில். நாங்கள் குடித்து வளர்ந்த தண்ணீரும் அம்மா கால் நனைக்கும் குண்டத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆறும் ஒன்றுதான் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. அணைகள் இருக்கும் அதே ஷஹாபூர் தாலுகாவில், கோடை வந்தால் ஆதிவாசிப் பாடாக்களில் (குக்கிராமங்களில்) பெண்கள் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கிறார்கள். ஏரி பக்கத்தில் இருக்கிறது, தண்ணீர் எங்களுக்கு வந்துவிடுகிறது.

அவர்களுடைய குளிர்ந்த தண்ணீரை நகரம் 1892லேயே எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது இந்தச் சுடுதண்ணீர். அதையும் குழாய் போட்டு எடுத்து, அறைக்கு இவ்வளவு என்று நகரத்துக்காரர்களுக்கே விற்கப் போகிறோமா? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

வெந்நீர்ச் சுனை இருக்கிற எல்லா நாட்டிலும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆர்கன்ஸாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்றே ஓர் ஊர். குவாபா பழங்குடியினரின் நிலம், 1818இல் அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொண்டது. ஆனால் 1832லேயே அமெரிக்க நாடாளுமன்றம், அந்தச் சுனைகள் தனியாருக்குப் போகக்கூடாது என்று தனியே ஒதுக்கிவைத்தது. 1921இல் தேசியப் பூங்கா ஆனது. மாளிகை மாதிரி குளியல் விடுதிகள் வந்தாலும், காசில்லாதவர்களுக்கு அரசு இலவசக் குளியல் கூடமும் நடத்தியது. இன்றைக்கும் ஊர்க்காரர்கள் கேனைக் கொண்டுவந்து பொதுக் குழாயில் சுனைநீர் பிடித்துப் போகிறார்கள். அங்கே எல்லாம் நியாயமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த மாளிகைகளில் முதுகு தேய்த்துவிட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் அதே தொட்டியில் குளிக்க முடியாது, அவர்கள் தங்களுக்கென்று தனி விடுதி கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் அந்த நிலத்தில் இருந்தவர்களும், அங்கே வேலை செய்தவர்களும் கடைசியில்தான் கணக்கில் வந்தார்கள். நாம் அந்தத் தப்பைப் பார்த்துவிட்டோம், திரும்பச் செய்ய வேண்டாம்.

ஜப்பானில் 1948இல் வெந்நீர்ச் சுனைகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். சுனைநீருக்காகத் துளை போட வேண்டுமென்றால் மாகாண ஆளுநரின் அனுமதி வேண்டும், ஏற்கெனவே இருக்கிற சுனையைப் பாதிக்கும் என்றால் அவர் மறுக்கலாம். நமக்கு வேண்டியது அவ்வளவுதான். குண்டங்களைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் வெந்நீருக்காக ஆழ்குழாய் கூடாது என்று ஒரு வரி. எத்தனை கிலோமீட்டர் என்பதை நிலத்தடி நீர் தெரிந்தவர்கள் சொல்லட்டும். அதுவரை புதிதாக யாருக்கும் அனுமதி தராமல் இருங்கள். குண்டங்களின் சூட்டை மாதம் ஒரு முறை அளந்து வெளியே எழுதிப் போடுங்கள். அப்போது களாப்பழக்காரப் பாய் சொன்னது நிஜமா இல்லையா என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நம்மிடமே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. திருநெல்வேலிக்காரர்களுக்குக் குற்றாலத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாரல் காலத்தில் கூலி வேலை செய்பவரும் கார் வைத்திருப்பவரும் ஒரே அருவியில் தலையைக் கொடுப்பார்கள், டிக்கெட் கிடையாது. அங்கே சில சொகுசு விடுதிகள் மலைத்தண்ணீரைத் திருப்பிவிட்டுத் தங்கள் வளாகத்துக்குள் செயற்கை அருவி வைத்துக்கொண்டன. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2022இல் அப்படிப்பட்ட விடுதிகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அருவி விஷயத்தில் நியாயமானது சுனை விஷயத்தில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

இமாசலத்தில் சட்லஜ் கரையில் இருந்த தத்தாபானியையும் நினைத்துக்கொள்ளுங்கள். கோல் அணையின் நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய சுனைகள் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. சுனை ஒரு தடவை போனால் போனதுதான்.

சுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. இங்கிலாந்தில் பாத் என்ற ஊர், ரோமானியர் காலத்துக் குளம். 1978இல் அங்கே நீந்திய ஒரு சிறுமி மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்துபோனாள். குளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். சுத்தமான தண்ணீருக்கு வழி செய்து, புதிய குளியல் கூடம் திறக்க 2006 ஆகிவிட்டது. இந்த அமீபாவைப் பற்றிக் கேரளத்துச் செய்திகளில் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் பிடிக்கும், மூக்கு வழியாகத்தான் உள்ளே போகும். அக்லோலியில் சின்னப் பிள்ளைகள் முங்குநீச்சல் அடிப்பதைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. வாரத்தில் எந்த நாள் குண்டத்தை இறைத்துக் கழுவுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள், அந்த நாளில் கண்டிப்பாகக் கழுவுங்கள். தலையை முங்காதீர்கள், மூக்குக்குள் தண்ணீர் போகவிடாதீர்கள் என்று மராத்தியிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் ஒரு பலகை போதும், படமும் இருந்தால் நல்லது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் குண்டத்துக்குள் கூடாது. வெளியே குளித்துவிட்டு உள்ளே இறங்குகிற மாதிரி நான்கு குழாய் வையுங்கள்.

இதில் எங்கள் ஆட்கள்மேலும் தப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு தாராவியிலிருந்தும் சயனிலிருந்தும் போகிறவர்கள், பிரியாணி டப்பாவையும் பாட்டிலையும் ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். நானே பார்த்திருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். தமிழில் ஒரு பலகை வைத்தால் எங்களுக்கும் உறைக்கும். எழுதித்தர நான் தயார்.

பெண்களுக்கு உடை மாற்ற, உள்ளே கொக்கியும் வெளிச்சமும் உள்ள அறை வேண்டும். வயதானவர்கள் பிடித்துக்கொண்டு இறங்கப் படியோரம் ஒரு கைப்பிடி வேண்டும். இவ்வளவு காலமாக இல்லை என்பது ஆச்சரியம்தான், ஆனால் இது பெரிய செலவு இல்லை.

செலவைவிட யோசனை அதிகம் வேண்டியது வேறொன்று. குண்டத்தை அழகுபடுத்துகிறோம் என்று வரும் எந்தத் திட்டத்திலும் முதலில் காலியாவது தரையில் கூடை வைத்து விற்கும் பெண்கள்தான். இரும்பு வேலி வரும், டிக்கெட் கூண்டு வரும், கூடைக்காரிகள் வெளியே நிற்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நிழல்கூரை போட்டு, சுற்றியிருக்கும் பாடாக்களின் பெண்களுக்கே அந்த இடத்தைக் கொடுங்கள். குண்டம் கழுவும் வேலையும், உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவர்களுக்கே சரியான சம்பளத்தோடு போகட்டும். திட்டம் போடும் கூட்டத்தைப் பாடாவிலேயே நடத்துங்கள், மும்பையில் ஏசி அறையில் வேண்டாம். அந்தத் தண்ணீரைப் பற்றி அவர்கள் வீட்டுக் கிழவிகள் சொல்லும் கதைகளை யாராவது உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். சிமாஜி அப்பா இருக்கும் பலகையில் அவர்களும் இருக்க வேண்டும்.

அந்தக் களாப்பழக்காரப் பாயை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அவருடைய பெயரை எழுத அவரிடம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. இலையைத் தொன்னையாக மடித்து, அதில் கறுத்துப் பழுத்த களாப்பழத்தைக் குவித்து, மேலே உப்புத் தூவித் தருவார். அம்மாவுக்கு மராத்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. இருந்தாலும் இரண்டு பேரும் அரைமணி நேரம் முட்டிவலியைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு வருடம் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி நாங்கள் போகவில்லை. அடுத்த வருடம் போனதும் அவர் கூடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்து அம்மாவின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். டாக்டர் தைத்த தழும்பை விரலால் தடவிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டார். நான் போர்வையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

களாப்பழம் வருகிற சமயத்தில், வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை, மறுபடி வருகிறோம். அம்மா, நான், என் மகள் மூன்று பேரும். வசாய் ரோட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுவோம். இந்த மடலைப் படித்துவிட்டு உங்களில் யாருக்காவது நேரில் பேச வேண்டும் என்று இருந்தால் அங்கே வாருங்கள். ஒரு தெர்மாமீட்டரும் கொண்டுவந்தால் நல்லது. அம்மா இரண்டாவது படியில் இருப்பார்.

அன்புடன்,
தாராவி 90 அடி ரோட்டில் வசிக்கும் ஒரு மகள்